டிஎஸ் புதிர்களை ஸ்விட்சுக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நின்டெண்டோவின் விளையாட்டுக் கருவியான ஸ்விட்ச் கையில் இருக்கும்வரை அது ஒரு தொடுதிரை. டிவியோடு இணைக்கும் தாங்கியான டாக்கில் சொருகிவிட்டால் அந்தத் திரை பிளாஸ்டிக்குக்குள் ஒளிந்துகொள்ளும். படம் டிவிக்குப் போய்விடும், தொடுவதற்கு எதுவும் மிஞ்சாது. 2004-இல் வந்த, இரண்டு திரைகள் கொண்ட மடக்குக் கருவியான டிஎஸ்ஸுக்கு இந்தத் தொல்லை கிடையாது. மடியில் ஒரு கீழ்த்திரை, கையில் ஒரு ஸ்டைலஸ் (தொடுபேனா), அவ்வளவுதான். அதை நம்பி உருவான புதிர் விளையாட்டுகளை ஸ்விட்சுக்குக் கொண்டுவருகிறவர்கள் முதலில் திரையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஆடுகிறவரின் கை மாறிவிட்டது கடைசியில்தான் உறைக்கிறது.

சரி, திரையிலேயே தொடங்குவோம். அங்கும் ஒரு கணக்கு இடிக்கிறது. 'ஸ்விட்ச் பெரியது, டிஎஸ் சிறியது. ஆகவே இரண்டு திரைகளையும் மேலும் கீழுமாக அடுக்கிவிடலாம்' என்பது முதலில் தோன்றும் யோசனை. அளந்து பாருங்கள். டிஎஸ்ஸின் திரை ஒவ்வொன்றும் 3 அங்குலம், 4:3 வடிவம். உயரம் ஏறக்குறைய 46 மி.மீ. 2017-இல் வந்த ஸ்விட்சின் 6.2 அங்குலத் திரை அகலவாக்கில் நீண்டது, உயரம் 77 மி.மீ. சுமார்தான். அதை இரண்டாகப் பிரித்தால் ஒரு திரைக்கு 38 மி.மீ. கிடைக்கும். பெரிய கருவியில் படம் பழையதைவிடச் சிறுத்துப்போகிறது! அதன் சிறிய வகையான 5.5 அங்குல ஸ்விட்ச் லைட்டில் இன்னும் மோசம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் தேவலை. கருவியையே புத்தகம்போல நிமிர்த்திப் பிடித்தால்தான் இரண்டு திரைக்கும் தாராளமாக இடம் கிடைக்கும். 2019 டிசம்பரில் ஜப்பானில் ஸ்விட்சுக்கு வந்த மூளைப்பயிற்சி விளையாட்டு 'பிரெய்ன் டிரெய்னிங்' அந்த வழியைத்தான் எடுத்தது. டிவியைக் கைகழுவிவிட்டு, பெட்டியோடு ஒரு ஸ்டைலஸும் கொடுத்தார்கள். துணிச்சலான முடிவு, ஆனால் நேர்மையானது.

ஸ்டைலஸ் பற்றி ஒரு வார்த்தை. டிஎஸ் திரை அழுத்தத்தை உணர்வது. நகம், பென்சில் முனை, எதை வைத்து அழுத்தினாலும் புள்ளி தவறாது. ஸ்விட்ச் திரை செல்போன் திரை மாதிரி, விரலையோ அதற்கென்றே செய்த ஸ்டைலஸையோதான் எதிர்பார்க்கும். பழைய விளையாட்டில் 16 பிக்சல் அகலத்தில் ஒரு பட்டன் இருந்தால் அது 4 மி.மீ.க்கும் குறைவு. ஸ்டைலஸுக்கு அது போதும், கட்டைவிரலுக்குப் போதாது. போதாக்குறைக்கு, தொடுகிற இடத்தை விரலே மறைத்துவிடும். படத்தைப் பெரிதாக்கினால் மட்டும் இது தீராது. தொடும் எல்லையைப் படத்தைவிடச் சற்று அகலமாக வைக்க வேண்டும்.

இனி நான் அதிகம் அலுத்துக்கொள்ளும் தவறுக்கு வருகிறேன். டிவியில் ஆட வேண்டுமென்றால் கர்சர் வேண்டும், கட்டைவிரலால் அசைக்கும் ஸ்டிக்கால் அதை நகர்த்த வேண்டும். கர்சர் வந்ததும் நிரலர் கை சும்மா இருக்காது. தொடக்கூடிய பொருளின் மேல் போனால் ஒரு ஒளிவட்டம், ஒரு சின்ன 'டிக்' சத்தம். மெனுவில் இது நல்ல பழக்கம். புதிருக்குள் இதுவே விடையைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு படம் இருக்கிறது என்று வையுங்கள். இருபது ஜன்னல்கள், ஒன்றில் மட்டும் நிழல் தவறான பக்கம் விழுகிறது, அதைக் கண்டுபிடிக்க வேண்டும். டிஎஸ்ஸில் ஆடுகிறவர் கண்ணால் தேடி, முடிவுசெய்து, தொடுவார். தொட்டபிறகு பின்வாங்க முடியாது, அதுதான் புதிரின் சுவை. கர்சரில் அவர் படத்தின் மேல் சும்மா ஒரு சுற்று ஓட்டுவார். ஒரே ஒரு ஜன்னலில் ஒளிவட்டம் பூக்கும். கதை முடிந்தது. யோசிக்காமலேயே விடை கைக்கு வந்துவிட்டது, ஆடியவருக்கோ ஏமாற்றப்பட்ட எரிச்சல். இருபது ஜன்னல்களும் ஒரே மாதிரி ஒளிர வேண்டும், அல்லது எதுவுமே ஒளிரக் கூடாது. கர்சர் பொருள்களின் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் வசதியும் இதே வகைதான். ஒட்டுகிற இடங்களை எண்ணினாலே பாதி விடை வெளிவந்துவிடும்.

இதைத் தெரிந்தே செய்வது வேறு. 2011-இல், டிஎஸ்ஸுக்கு அடுத்த கருவியான 3டிஎஸ்ஸுக்கு வந்த லேட்டன் புதிர் விளையாட்டில் காட்சி மேல்திரைக்குப் போனது, அந்தத் திரையைத் தொட முடியாது. கீழ்த்திரையில் கையை நகர்த்தினால் மேலே ஒரு பூதக்கண்ணாடி நகரும், ஏதாவது சிக்கினால் நிறம் மாறும். தெருவில் சுற்றித் துழாவும் இடத்தில் அது பொருந்துகிறது. விடையைச் சுட்டும் இடத்தில் பொருந்தாது.

அடுத்து இழுத்தல். நகரும் கட்டைகள் கொண்ட புதிரில் விரல் செய்வது ஒரே அசைவு: வைத்து இழுப்பது. அதையே ஸ்டிக்கில் அப்படியே போலிசெய்தால், கர்சரைக் கட்டைக்கு ஓட்டி, 'ஏ' பட்டனை அமுக்கியபடியே நகர்த்தி, விட வேண்டும். பத்து நகர்த்தலில் கை சலித்துவிடும். டி-பேடால் (நான்கு திசைப் பட்டனால்) கட்டையைத் தேர்ந்து, ஒரு அமுக்கில் பிடித்து, கட்டம் கட்டமாகத் தள்ளுவது எவ்வளவோ மேல். கட்டம் உள்ள புதிருக்கு ஸ்டைலஸ் தெய்வமில்லை. ஸ்விட்சுக்கு 2017-இல் வந்த கட்டம் நிரப்பும் புதிர் 'பிக்ராஸ் எஸ்' பட்டன்களோடுதான் வந்தது, ஆடியவர்களுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் நேரக்கணக்கு உள்ள புதிர்களில் கவனம் வேண்டும். விரல் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குத் தாவும், கர்சர் நடந்துதான் போகும். ஒரே நேரத்தைக் கொடுத்தால் டிவியில் ஆடுபவருக்கு அநியாயம்.

ஸ்விட்சிலிருந்து கழற்றக்கூடிய கைக்கருவியான ஜாய்-கானை டிவியை நோக்கிச் சுட்டி ஆடுவது ஒரு மாற்றுவழி. டிஎஸ் விளையாட்டான 'தி வேர்ல்ட் எண்ட்ஸ் வித் யூ' 2018-இல் ஸ்விட்சுக்கு வந்தபோது டிவியில் ஆட அதுதான் வழி, குறைபட்டுக்கொண்டவர்கள் ஏராளம். ஜாய்-கானுக்கு டிவி எங்கே இருக்கிறது என்று தெரியாது. தன் அசைவைமட்டும் கணக்குவைத்து ஊகிக்கிறது. ஆட ஆடக் கர்சர் ஓரமாக வழுக்கிப்போகும். நடுவுக்குக் கொண்டுவர ஒரு பட்டன் எப்போதும் கைக்கெட்ட வேண்டும், மெனுவுக்குள் ஒளித்துவைக்கக் கூடாது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-இன் ஜாய்-கானை மௌஸாகவும் தேய்க்கலாம் என்பதால் இனி கவலையில்லை என்கிறார்கள். சுட்டுவது எளிதாகும்தான். ஜன்னலின் ஒளிவட்டம் அப்போதும் அப்படியேதான் இருக்கும்.

கருவியின் உடம்பையே புதிராக்கிய விளையாட்டுகளும் உண்டு. 2007-இல் டிஎஸ்ஸுக்கு வந்த 'செல்டா' சாகச விளையாட்டில் மைக்கில் ஊதி மெழுகுவர்த்தியை அணைக்க வேண்டும். ஓரிடத்தில் மேல்திரையில் உள்ள முத்திரையைக் கீழே இருக்கும் வரைபடத்தில் பதிக்க, கருவியையே மூடித் திறக்க வேண்டும். முதல் ஸ்விட்சில் உள்ளமைந்த மைக்கும் இல்லை, மடக்க மூடியும் இல்லை. 'ஊதுவதற்கு எக்ஸ் பட்டனை அமுக்கவும்' என்று போட்டுவிட்டு நகர்வது மகா சோம்பேறித்தனம். அங்கே புதிரே போய்விட்டது. அதே வியப்பைத் தரும் வேறொன்றை எழுத முடியாவிட்டால் அந்தப் பகுதியையே எடுத்துவிடலாம்.

வெளியிடும் முன் ஒரு சோதனை. ஏதாவது ஒரு புதிரின் மேல் விரலால் கிறுக்கிக் குறிப்பெழுதுங்கள், ஒரு கட்டையைப் பாதி இழுத்த நிலையில் பிடித்திருங்கள், அப்படியே கருவியை டாக்கில் சொருகுங்கள். கட்டை நடுவழியில் தொங்குகிறதா, பழைய இடத்துக்கு ஓடுகிறதா? கர்சர் கட்டையருகே முளைக்கிறதா, எங்கோ மூலையிலா? கிறுக்கல் டிவியில் தெரிகிறதா? பிறகு உருவியெடுத்து அதே புதிரை விரலால் தொடருங்கள். மேசையில் பட்டியல் போட்டபோது யாருக்கும் தோன்றாத பிழைகள் இந்த ஒரு நிமிடத்தில் வரிசையாக வந்து நிற்கும்.