பிள்ளைகளுக்கு நேர்மை சொல்லித்தருவதில் நாம் செய்யும் தவறுகள்

பிள்ளை பொய் சொல்லிவிட்டால் நாம் முதலில் எடுத்துவிடுவது 'புலி வருது' கதையைத்தான். பொய் சொன்னவனை ஊர் கைவிட்டது, உனக்கும் அதே கதிதான் என்று முடிப்போம். இந்தப் பயமுறுத்தல் நாம் நினைக்கிற அளவுக்கு வேலை செய்வதில்லை.

டொராண்டோ பல்கலைக்கழகத்தின் காங் லீயும் குழுவினரும் 2014-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளிடம், பின்னால் இருக்கும் பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியே போவார். வந்ததும் ஒரு கதை படிப்பார். அப்புறம், "பார்த்தாயா?" என்று கேட்பார். புலி கதையும் (அங்கே அது ஓநாய்) பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோ கதையும் கேட்டவர்கள், பொய்யைப் பற்றியே பேசாத ஆமை முயல் கதை கேட்டவர்களைப் போலவே பொய் சொன்னார்கள். செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்ட சிறுவன் வாஷிங்டனை (பின்னாளில் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி) அப்பா பாராட்டும் கதைக்குப் பிறகுதான் உண்மை சொன்னவர்களின் எண்ணிக்கை கூடியது. அவன் பொய் சொல்லித் தண்டனை வாங்கியதாகக் கதையை மாற்றியதும் அந்தப் பலனும் போய்விட்டது.

உண்மை சொன்னால் நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை பிள்ளைக்கு வேண்டும். அதை உடைப்பதே நாம்தான். "அடிக்க மாட்டேன், எவ்வளவு மார்க்குன்னு உண்மையைச் சொல்லு" என்போம். சொன்னதும் முதுகில் ரெண்டு வைப்போம். அடுத்த பரீட்சைப் பேப்பர் பீரோவுக்கு அடியில் போகும், அப்பா கையெழுத்தை அவனே போட்டுக்கொள்வான். மார்க்கைக் கண்டுகொள்ளாதீர்கள் என்று சொல்லவில்லை. இரண்டையும் பிரித்துப் பேசுங்கள்: "மறைக்காம சொன்னது நல்லது. சரி, எந்தக் கணக்குல தடுமாறுறேன்னு பார்ப்போம்."

பள்ளியிலும் இதேதான். "ஜன்னலை உடைத்தது யார்?" என்றதும் எழுந்தவனைப் பிரேயரில் எல்லோர் முன்னாலும் நிறுத்தினால், இனிமேல் வாய் திறக்கக் கூடாது என்பதை வகுப்பே கற்றுக்கொள்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அடியை மட்டுமல்ல, மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. உடைத்தவன் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்க உதவட்டும், புதுக் கண்ணாடி போடும்போது கூட நிற்கட்டும். அது போதும்.

வீட்டில் இன்னொன்று. பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம், "கண்டக்டர் கேட்டா பதினொண்ணுன்னு சொல்லு" என்று அரை டிக்கெட் எடுக்கிறோம். அதன்பின் சொல்லும் எந்தக் கதையும் எடுபடாது.

நீதிபோதனை வகுப்பைத் தேர்வு நேரத்தில் கணக்கு ஆசிரியருக்குக் கொடுத்துவிடுவது பல பள்ளிகளில் வழக்கம். நடக்கும் வகுப்பிலும் குறளை ஒப்பித்து மார்க் வாங்குவதோடு விஷயம் முடிகிறது. வாய்மை அதிகாரத்திலேயே, குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மைக்குச் சமம் என்கிறார் வள்ளுவர். நண்பன் காப்பியடித்ததைப் பார்த்தவன், ஆசிரியர் கேட்கும்போது மறைக்கலாமா? அது குற்றமற்ற நன்மையா? பிள்ளைகள் இதற்கு விடாமல் வாதாடுவார்கள். ஆசிரியர் அவசரப்பட்டுப் பதிலைச் சொல்லிவிடாமல் அந்தப் பீரியட் முழுக்க அவர்களைப் பேசவிட வேண்டும்.