மைனஸ் குறியை விட்டுவிடாதீர்கள்: பினாங்குப் பாலத்தில் ஒரு திசைவேகப் பாடம்

பள்ளியில் மலாயில் லாஜு, ஹாலாஜு என்று படித்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானே சார்?" என்று கேட்டபடி டியூஷனுக்கு வரும் படிவம் 4 பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஒன்றில்லை. லாஜு வேகம், ஹாலாஜு திசைவேகம். தமிழில் பெயரிலேயே திசை ஒட்டிக்கொண்டிருப்பதால் நமக்குப் பாதி வேலை மிச்சம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மலேசியாவில் பினாங்குத் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பினாங்குப் பாலத்தின் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர். தீவிலிருந்து பெருநிலக் கரையில் இருக்கும் பிறை என்ற ஊருக்குப் போய், அப்படியே கிளம்பிய இடத்துக்குத் திரும்பிவிட்டீர்கள், எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் என்று வையுங்கள். ஓடிய தூரம் 27 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 54. சராசரி திசைவேகம்? பூஜ்யம். டோலுக்கும் பெட்ரோலுக்கும் காசு போனது உண்மைதான், ஆனால் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறீர்கள், இடப்பெயர்ச்சியே இல்லை, அதை அரை மணியால் வகுத்தால் என்ன வரும்?

அடுத்து, கணக்கைத் தொடும் முன்பே தாளின் மேலே எழுதிவிடுங்கள்: பிறைப் பக்கம் பிளஸ், தீவுப் பக்கம் மைனஸ். மாற்றியும் வைக்கலாம், ஆனால் நடுவில் மாற்றக் கூடாது.

இப்போது சார்புத் திசைவேகம், அதாவது ஒருவர் பார்வையில் இன்னொருவருக்கு இருக்கும் திசைவேகம். நீங்கள் காரில் பிறைப் பக்கம் 80-ல் போகிறீர்கள், 300 மீட்டர் முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் அதே பக்கம் 60-ல். யாரைப் பற்றிக் கேட்கிறார்களோ அவருடைய திசைவேகத்திலிருந்து பார்ப்பவருடையதைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். 60 − 80 = −20. அதாவது உங்கள் கண்ணுக்கு அந்த மோட்டார் சைக்கிள் 20 வேகத்தில் உங்களை நோக்கிப் பின்னால் வருகிறது, 54 வினாடியில் பிடித்துவிடுவீர்கள். அதுவே தடுப்புக்கு அந்தப் பக்கம் எதிரே வந்தால்? −60 − 80 = −140. எட்டு வினாடிகூட ஆகாது. பிள்ளைகள் வழுக்குவது இங்கேதான்: 60-க்கு முன்னால் இருக்கும் மைனஸை மறந்துவிட்டு மறுபடியும் −20 என்று எழுதிவிடுவார்கள்.

சரி, ஃபெரிக்கு வருவோம். பெருநிலக் கரையில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து தீவில் இருக்கும் ஜார்ஜ்டவுனுக்கு, மேற்கே, மணிக்கு 12 கிலோமீட்டரில் போகிறது என்று வைப்போம். தளத்தில் நீங்கள் 4-ல் ஃபெரியின் பின்முனையை நோக்கி நடக்கிறீர்கள். உட்கார்ந்திருக்கும் பயணிக்கு உங்கள் வேகம் 4, கரையில் நிற்பவருக்கு 8, அதுவும் ஜார்ஜ்டவுனை நோக்கித்தான்!

அப்புறம் நீரோட்டம் தெற்கே 5-ல் இழுத்தால்? 12-ஐயும் 5-ஐயும் அப்படியே கூட்டாதீர்கள், இரண்டும் செங்குத்தான திசைகள். அம்பு வரைந்து பைதகோரஸைக் கூப்பிட்டால் 13 வரும், ஆனால் ஃபெரி துறைக்குத் தெற்கே ஒதுங்கிவிடும். நேரே போக வேண்டுமானால் முனையைக் கொஞ்சம் வடக்கே திருப்பிப் பிடிக்க வேண்டும். இப்போது 12 தான் கர்ணம், அதனால் கரையைப் பொறுத்த திசைவேகம் ஏறக்குறைய 10.9 ஆகக் குறைந்துவிடும்.