எலெக்ட்ரிக் கிட்டார் பிக்கப்பில் நிறைவான, கதகதப்பான ஒலியைப் பெறும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் கோயில் திருவிழாவுக்கும் திருமண விருந்துக்கும் வாசிக்கத் தொடங்கும் இளைஞர்கள் பலரின் கையில் இருப்பது, ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவில் வரும் மலிவு விலைக் கிட்டார்தான். பாலாய் ராயா எனும் பொது மண்டபத்தின் தகரக் கூரைக்குக் கீழே அதை ஆம்ப்பில் (ஒலி பெருக்கியில்) இணைத்ததும் அவர்கள் சொல்லும் குறையும் பெரும்பாலும் ஒன்றே: "அண்ணே, சத்தம் காதைக் குத்துது." தந்திகளுக்குக் கீழே இருந்து ஒலியை எடுக்கும் பிக்கப்பில் எதை வாங்கலாம் என்பது அடுத்த கேள்வி. வாங்குவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை சில உள்ளன; அவற்றுள் முதலில் வருபவற்றுக்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

காதைக் குத்துவது எது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றியதே பிக்கப். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறி, அந்தச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. சுருளின் மின்தூண்டலும், கிட்டாரிலிருந்து ஆம்ப்வரை செல்லும் கேபிளின் மின்தேக்குத்திறனும் சேர்ந்து, ஏதோ ஓர் அதிர்வெண்ணில் ஒலியை மேடுபோல உயர்த்திவிடுகின்றன. ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப்பில் இந்த மேடு பெரும்பாலும் 4000, 5000 ஹெர்ட்ஸ் அளவில் அமைகிறது. இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கரில் அதைவிடக் கீழே இறங்குகிறது. கதகதப்பு வேண்டுமென்றால் இந்த மேட்டைக் கீழே இறக்க வேண்டும், அல்லது மழுக்க வேண்டும். ஆம்ப்பில் பாஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, கூட்டுவதால் இது நடக்காது. தகரக் கூரை மண்டபத்தில் அப்படிச் செய்தால் குத்தலும் இருக்கும், அதன்மேல் இரைச்சலும் சேரும்.

முதல் படி: ஆம்ப்பில் பாஸ், மிடில், டிரெபிள் மூன்றையும் நடுவில் வையுங்கள், எதிரொலி, டிஸ்டார்ஷன் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். தந்திகள் துருப்பிடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். நம் ஊரின் புழுக்கத்தில் அவை விரைவில் கறுத்துப்போகும். செத்த தந்தியின் மந்தமான ஒலியைக் கதகதப்பு என்று எண்ணிவிட வேண்டாம். 9 அளவுத் தந்தியிலிருந்து சற்றே தடித்த 10 அளவுக்கு மாறினாலே ஒலிக்குக் கொஞ்சம் சதைப்பிடிப்பு கிடைக்கும்.

இரண்டாம் படி, பிக்கப்பின் உயரம். பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இதுதான். தடித்த ஆறாம் தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டையில்) அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்தியின் அடிப்பகுதிக்கும் அதற்கு நேர்க் கீழே உள்ள காந்தத் தண்டின் உச்சிக்கும் இடையிலுள்ள தூரத்தை அரை மில்லிமீட்டர் கோடுகள் உள்ள எஃகு அளவுகோலால் அளந்து பாருங்கள். பிறகு மெல்லிய முதல் தந்தியையும் அவ்வாறே அளவிடுங்கள். பழைய பாணி சிங்கிள் காயில் பிக்கப்புகளுக்கு ஃபெண்டர் நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு, தடித்த தந்திப் பக்கம் 2.4 மில்லிமீட்டர், மெல்லிய தந்திப் பக்கம் 2 மில்லிமீட்டர். சத்தம் கூடட்டும் என்று இதற்கும் மேலே ஏற்றி வைத்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அவ்வளவு அருகில் வரும்போது காந்தமே தந்தியை இழுத்து, அதன் இயல்பான அதிர்வைக் குலைத்துவிடுகிறது. ஆறாம் தந்தியைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே வாசித்துக் கேளுங்கள்: சுதி சேராத இரண்டு குரல்கள் ஒன்றோடொன்று உரசுவதுபோல் அலை அலையாகக் கேட்டால், காந்தம் இழுக்கிறது என்று பொருள்.

பிக்கப்பின் இரு பக்கத் திருகுகளையும் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகி இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே சுரவரிசையை ஒரே வேகத்தில் வாசித்துக் கேளுங்கள். இறக்க இறக்க மீட்டலின் கூர்மை தணிந்து, சுரம் நீண்டு நிற்கும். கூடவே சத்தமும் குறையும். குறைந்த சத்தத்தை ஆம்ப்பில் கூட்டிச் சமப்படுத்திய பிறகே முன்னதோடு ஒப்பிட வேண்டும், ஏனெனில் சத்தம் மிகுந்ததையே காது நல்லதென்று சொல்லும்.

மூன்றாம் படி மிகச் சிறியது. கிட்டாரிலுள்ள டோன் குமிழை 10-லிருந்து மெல்ல 7 அளவுக்குக் குறையுங்கள். இந்தத் தொடக்கத் திருப்பத்தில் முதலில் மழுங்குவது நாம் பேசிய அந்த மேடுதான். ஒலி மூடிக்கொள்வதெல்லாம் குமிழ் அடியை நெருங்கும்போதுதான். பலர் இந்தக் குமிழைத் தொடுவதே இல்லை என்பது எனக்கு இன்றும் வியப்பு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஸ்ட்ராட்டோகாஸ்டரின் வழக்கமான இணைப்பில், மூன்று பிக்கப்புகளில் தந்திகள் முடியும் பிரிட்ஜை ஒட்டி இருப்பதும் மிகவும் குத்துவதுமான பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் குமிழ் இணைக்கப்பட்டிருக்காது. அதற்கான தீர்வு ஐந்தாம் படியில் வருகிறது.

நான்காம் படி, கேபிள். சாதாரண கிட்டார் கேபிளின் மின்தேக்குத்திறன் மீட்டருக்கு ஏறக்குறைய 100 பைக்கோஃபாரட். 2.4 ஹென்றி மின்தூண்டல் உள்ள சிங்கிள் காயிலை 3 மீட்டர் கேபிளில் இணைத்தால் மேடு ஏறத்தாழ 5000 ஹெர்ட்ஸில் நிற்கும். 6 மீட்டர் கேபிளில் 4000-க்குச் சற்றுக் கீழே இறங்கும். ஆகவே நண்பரிடம் நீளமான கேபிள் இருந்தால் இரவல் வாங்கி முயன்று பாருங்கள். கிட்டாருக்கும் கேபிளுக்கும் இடையில் பஃபர் (கேபிளின் தாக்கம் பிக்கப்பை எட்டாமல் தடுக்கும் சுற்று) உள்ள பெடல் எதுவும் இருந்தால் இந்த வேறுபாடு தெரியாது.

ஐந்தாம் படிக்கு சோல்டரிங், அதாவது ஈயத்தை உருக்கிக் கம்பியைப் பற்றவைக்கும் வேலை, தெரிந்திருக்க வேண்டும். கிட்டாருக்குள் ஆபத்தான மின்னழுத்தம் எதுவும் இல்லை. ஆனாலும் கேபிளைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஆம்ப்பை மட்டும் திறக்கவே வேண்டாம், அதன் மின்தேக்கிகள் மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உயிரை எடுக்கக்கூடியவை. கிட்டாரின் முகப்புத் தகட்டைக் கழற்றியதும் கைப்பேசியில் தெளிவாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை சுவிட்ச்சில் டோன் குமிழ்களின் கம்பிகள் வந்து சேரும் பக்கத்தில் ஒரு முனை மட்டும் வெறுமையாக இருக்கும்; அது பிரிட்ஜ் பிக்கப்புக்கு உரியது. அதற்கும் பக்கத்திலுள்ள நடுப் பிக்கப்பின் டோன் முனைக்கும் இடையே ஒரு சிறு கம்பியைப் பற்றவைத்துவிட்டால், இரண்டாம் டோன் குமிழ் இனிப் பிரிட்ஜ் பிக்கப்பையும் கட்டுப்படுத்தும்.

திறந்த கையோடு வால்யூம் குமிழின் அடியில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் பாருங்கள். சிங்கிள் காயிலுக்கு வழக்கமானது 250 கிலோ ஓம். 500 என்றிருந்தால் மேடு தேவைக்கு மேல் கூர்மையாகத்தான் இருக்கும். குமிழை மாற்ற வேண்டியதில்லை. பிக்கப் கம்பி வந்து சேரும் முனைக்கும் தரை (கிரவுண்ட்) முனைக்கும் இடையே 470 கிலோ ஓம் மின்தடை ஒன்றைப் பற்றவைத்தால், இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 242 கிலோ ஓம் ஆகிவிடும். மின்னணு உதிரிப்பாகக் கடைகளில் சில காசுக்குக் கிடைக்கும் பொருள் இது.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஒப்பாவிட்டால் புதிய பிக்கப்பைப் பற்றி யோசிக்கலாம். விற்பவர் சுருளின் மின்தடை "எத்தனை கிலோ ஓம்" என்பதை மட்டும் சொல்லி விலை பேசினால் ஏமாற வேண்டாம். மெல்லிய கம்பியைச் சுற்றினாலே அந்த எண் ஏறிவிடும், ஒலியின் நிறத்தை அது தனியே சொல்லாது. எந்தக் காந்தம் என்று கேளுங்கள். அல்னிகோ என்பது காந்தம் செய்யும் ஓர் உலோகக் கலவை; ஐந்தாம் வகை அல்னிகோவைவிட இரண்டாம் வகை அல்னிகோ வலிமை குறைந்தது, ஆகவே தந்தியையும் குறைவாகவே இழுக்கும். சிங்கிள் காயில் அளவிலேயே செய்யப்பட்ட ஹம்பக்கரைப் பிரிட்ஜில் மட்டும் பொருத்துவதாக இருந்தால், மேற்சொன்ன 470 கிலோ ஓம் மின்தடையைப் போடாமல் முதலில் கேட்டுப் பாருங்கள்; ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் குமிழே வழக்கம்.