எரிந்துபோன கோப்பும் வராத பதக்கமும்: விண்ணப்பிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போரிலோ கொரியப் போரிலோ அமெரிக்கத் தரைப்படையில் இருந்த ஒருவர், எனக்கு வரவேண்டிய பதக்கம் இன்னும் வரவில்லை என்று இத்தனை வருஷம் கழித்து எழுதிப் போட்டால், பெரும்பாலும் வரும் பதில் ஒரு தீ விபத்தைப் பற்றியதாக இருக்கும். 1973 ஜூலை 12 அன்று நள்ளிரவு தாண்டியதும் மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸை ஒட்டிய ஓவர்லாண்டில், தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. அந்த மாடியில் தீயணைக்கும் தண்ணீர்த் தெளிப்பான்கூட இல்லை. முழுதாக அணைய நான்கு நாளுக்கு மேல் ஆனது. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான படைவீரர் கோப்புகள் போய்விட்டன. நகல் இல்லை, மைக்ரோஃபிலிம் இல்லை, என்னென்ன இருந்தன என்று சொல்ல ஒரு பட்டியல்கூட இல்லை.

அந்தப் பதில் கடிதத்தைப் படித்ததும் எல்லாம் முடிந்தது என்று மடித்து வைத்துவிடுவதுதான் முதல் தவறு. எரிந்தது ஒருவருடைய சொந்தக் கோப்பு, அவ்வளவுதான். அவர் பெயர் வேறு பத்து இடத்தில் எழுதப்பட்டிருக்கும். பட்டாளத்தில் சம்பளம் கொடுத்தவர் ஒரு தாள் வைத்திருந்தார், ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டவர் ஒரு அட்டை வைத்திருந்தார், கம்பெனி எனப்படும் சிறு படைப்பிரிவின் எழுத்தர் தினமும் ஒரு அறிக்கை தட்டச்சு செய்தார். இவையெல்லாம் ஒரே மாடியில் இருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கடற்படைக்காரர், மரைன்காரர் குடும்பங்கள்கூட எங்கள் தாத்தாவுடையதும் எரிந்துவிட்டது என்று நினைத்து விசாரிக்காமலே விட்டுவிடுகிறார்கள். அந்தக் கோப்புகளைத் தீ தொடவில்லை. பாதிப்பு இரண்டு கூட்டத்துக்குத்தான். ஒன்று, 1912 நவம்பர் 1 முதல் 1960 ஜனவரி 1 வரை வெளியேறிய தரைப்படையினர். இவர்களில் சுமார் 80 சதவீதம் பேரின் கோப்புகள் அழிந்தன. இன்னொன்று, 1947 செப்டம்பர் 25 முதல் 1964 ஜனவரி 1 வரை வெளியேறிய விமானப்படையினரில் சுமார் 75 சதவீதம். அதிலும் ஆங்கில அகரவரிசையில் ஹப்பர்ட், ஜேம்ஸ் ஈ. என்ற பெயருக்குப் பின்னால் வருபவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். தேதியையும் படைப்பிரிவையும் பார்த்துவிட்டு அப்புறம் கவலைப்படுவது நல்லது. கருகியும் நனைந்தும் மீட்கப்பட்டவை சுமார் 65 லட்சம். அதனால் பாதிக்கப்பட்ட கூட்டத்தில் இருப்பவருக்கும் ஓரம் கருகிய சில தாள்கள் கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

என்னைக் கேட்டால், அதிகம் பேரைக் கவிழ்ப்பது தீ இல்லை. எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்பதுதான். பதக்கம் வேண்டும் என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வேறு கோரிக்கைகள் ஒளிந்திருக்கும். அன்றைக்கே அறிவித்த பதக்கம் கைக்கு வராமலோ தொலைந்தோ போயிருக்கலாம். நிபந்தனை நிறைவேறினால் தானாகக் கிடைக்க வேண்டிய பதக்கமாக இருக்கலாம். போர்க்களப் பதக்கங்களும், எதிரியால் காயம்பட்டவருக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட்டும் இந்த வகை. இல்லையென்றால், யாரும் பரிந்துரைக்காமலே விட்டுப்போன வீரச்செயலுக்கு இப்போது புதிதாக விருது கேட்பதாக இருக்கலாம். முதல் இரண்டுக்கும் பழைய தாள் ஒன்று கிடைத்தால் வேலை முடிந்தது. மூன்றாவதுக்கு எத்தனை பழைய தாள் இருந்தாலும் போதாது, ஒரு பரிந்துரை வேண்டும். மூன்றாவதைக் கேட்க வேண்டியவர் முதலாவதற்கான படிவத்தில் எழுதி அனுப்பினால், பதிவில் அப்படி எதுவும் இல்லை என்று பதில் வரும். அது பொய்யும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு சின்னத் தகவல், பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போரில் காலாட்படைப் போர் பேட்ஜோ, போர்க்கள மருத்துவப் பணியாளர் பேட்ஜோ பெற்றவருக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கம் (Bronze Star) உண்டு என்று 1947இல் விதி வந்தது. ஆனால் அது வீடு தேடி வரவில்லை, விண்ணப்பித்தால்தான் கொடுத்தார்கள். பேட்ஜை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு, இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாமல் காலத்தை ஓட்டியவர்கள் உண்டு. இங்கே வீரத்தை நிரூபிக்கவே வேண்டாம், பேட்ஜுக்கான ஆதாரம் போதும்.

சரி, தாளைத் தேடுவதற்கு வருவோம். எஸ்.எஃப். 180 என்ற படிவத்தில் பெயரும் பிறந்த தேதியும் மட்டும் எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் நிறைய. கோப்பு எரிந்த வீரருக்கு அது போதாது. மையம் என்.ஏ. 13075 என்ற கேள்வித்தாளை அனுப்பும். மருத்துவ விவரம் என்றால் என்.ஏ. 13055. எந்த டிவிஷன், எந்த ரெஜிமென்ட், எந்த கம்பெனி, எந்த மாதம் என்று அதில் கேட்பார்கள். “ஜெர்மனியில் இருந்தார்” என்று எழுதினால் தேடுகிறவருக்குத் தொடங்க ஓர் இடம் கிடைக்காது. கம்பெனி பெயரும் மாதமும் இருந்தால் அன்றாடக் காலை அறிக்கைகளைப் புரட்ட முடியும். மார்னிங் ரிப்போர்ட் என்று சொல்லப்படும் இந்தத் தாளில் எல்லார் பெயரும் இருக்காது. அன்று நிலைமை மாறியவர்கள் மட்டும்தான்: புதிதாக வந்தவர், மாற்றலாகிப் போனவர், ஆஸ்பத்திரிக்குப் போனவர். ஒருவர் பெயருக்குக் கீழே பணியிலிருந்து மருத்துவமனைக்கு என்று எழுதி, பக்கத்தில் எல்.டபிள்யூ.ஏ. என்று மூன்றெழுத்து இருந்தால், சண்டையில் லேசான காயம் என்று பொருள். ஒரு பர்ப்பிள் ஹார்ட் அந்த மூன்றெழுத்தில் நிற்கலாம்.

அதேபோல சர்வீஸ் நம்பர். பலர் அந்தக் கட்டத்தில், அமெரிக்கர்களுக்கு அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். தரைப்படையில் அந்த எண் அடையாள எண்ணாக ஆனது 1969 ஜூலையில்தான். அதற்கு முன் இருந்தவருக்குத் தனி சர்வீஸ் நம்பர். கழுத்தில் போட்ட தகட்டில் பொறித்திருக்கும். இது எதற்கு இவ்வளவு முக்கியம் என்றால், 1942 முதல் 1945 வரையும் 1950 முதல் 1954 வரையும் ராணுவ மருத்துவமனைகளில் சேர்ந்தவர்களின் விவரங்கள் கணினி நாடாக்களாக 1988இல் இந்த மையத்துக்கு வந்து சேர்ந்தன. சுமார் ஒரு கோடி பதிவுகள். அவற்றில் பெயரே கிடையாது, சர்வீஸ் நம்பர்தான். எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் வேறொருவருடைய காயம்தான் கிடைக்கும்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதைத் தேடாமல் விடுவதும் வழக்கம். போர் முடிந்து ஊர் திரும்பிய பலர் டிஸ்சார்ஜ் பேப்பரை உள்ளூர் கவுண்டி (மாவட்டம் போன்றது) நீதிமன்ற அலுவலகத்தில் பதிவு செய்து வைத்தார்கள். சில மாநிலங்கள் போனஸ் கொடுத்தன. அதற்குப் போட்ட விண்ணப்பத்தில் பணி விவரம் முழுக்க இருக்கும். முன்னாள் படைவீரர் நலத் துறையிடம் எப்போதாவது ஓய்வூதியமோ சிகிச்சையோ கேட்டிருந்தால் அங்கே தனிக் கோப்பு இருக்கும். பதக்கம் அறிவித்த பொது ஆணைகள் மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், டிவிஷன் வாரியான ஆவணங்களுக்குள் கிடக்கும். கண்ணில் பட்டதும் அசலை உறையில் போட்டு அனுப்பிவிட வேண்டாம். ஒரே பிரதியை ஒருமுறை தொலைத்த அனுபவம் அந்தத் தலைமுறைக்கு ஏற்கெனவே இருக்கிறது. நகலை அனுப்புங்கள்.

பர்ப்பிள் ஹார்ட் கேட்பவர்கள் தழும்பைப் படம் எடுத்து அனுப்புவார்கள். காயம் பட்டது என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. எதிரியின் செயலால் பட்டதா, மருத்துவர் சிகிச்சை தந்தாரா, அதற்குப் பதிவு உண்டா என்ற மூன்றையும்தான் பார்ப்பார்கள். கொரியக் குளிரில் கால்விரல் போனவருக்கு நலத் துறை மாதாமாதம் உதவித்தொகை தரலாம், ஆனால் இப்போதைய விதியில் பனிக்கடிக்கு பர்ப்பிள் ஹார்ட் இல்லை. ஜீப் கவிழ்ந்த விபத்துக்கும் இல்லை. உதவித்தொகை ஆணையை மட்டும் இணைத்து அனுப்பிவிட்டு இது போதும் என்று நம்புவது வீண்.

சாட்சிக் கடிதங்களைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். அவர் நல்ல மனிதர், தைரியசாலி, எங்கள் எல்லோருக்கும் அண்ணன் மாதிரி என்று நெஞ்சு உருக எழுதித் தருவார்கள். எழுதியவர் அந்த இடத்தில் இருந்தாரா என்பதே அதில் தெரியாது. நான் இந்த கம்பெனியில் இருந்தேன், இந்தத் தேதி, இந்த ஊர், எனக்கும் அவருக்கும் இத்தனை கஜம் தூரம், இதைக் கண்ணால் பார்த்தேன் என்று எழுதிய அரைப் பக்கம் போதும், அதற்குத்தான் மதிப்பு. தனக்குத் தானே வீரப் பதக்கம் பரிந்துரைத்துக்கொள்ளத் தரைப்படை விதி அனுமதிப்பதில்லை. நேரில் பார்த்தவர் வேண்டும். தொண்ணூறு தாண்டிய வயதில் அவரும் உயிரோடு இருக்க வேண்டும். ஆவணம் கிடைக்கட்டும், அப்புறம் சாட்சியைப் பார்க்கலாம் என்று வரிசை போடுவது அதனால்தான் தப்புக்கணக்கு. சாட்சியை முதலில் பிடியுங்கள், காகிதம் காத்திருக்கும்.

பாரிஸ் டேவிஸின் கதையில் தீ விபத்தே இல்லை. 1965 ஜூனில் தென் வியட்நாமின் போங் சோனில் சிறப்புப் படை கேப்டனாக இருந்தவர், காயத்தோடு சக வீரர்களைக் காப்பாற்றினார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஆனருக்குப் பரிந்துரை போனது, காணாமல் போனது. 1969இல் ராணுவமே விசாரித்தது, கோப்பு கிடைக்கவில்லை, மறுபடி அனுப்பச் சொன்னார்கள், அதுவும் கரையேறவில்லை. அவர் கறுப்பினத்தவர் என்பதை ஒதுக்கிவிட்டு கோப்பு இரண்டு முறை தொலைந்ததை எத்தனை பேரால் நம்ப முடியும்? கடைசியில் கூட இருந்தவர்களும் தன்னார்வலர்களும் சாட்சியங்களை அடுக்கி முழுக் கோப்பையும் புதிதாகக் கட்டினார்கள். 2023 மார்ச் 3 அன்று, 83 வயதில், அந்தப் பதக்கத்தை வாங்கினார்.

இப்படிப் புதிதாகக் கேட்பதற்குக் காலக்கெடு உண்டு என்று பயந்து நிற்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 1996இல் வந்த சட்டப்படி, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒருவர் கேட்டுக்கொண்டால் கெடு தாண்டிய பரிந்துரையையும் ராணுவம் தகுதி பார்த்து முடிவு சொல்ல வேண்டும். இதையும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். உறுப்பினர் கோப்பை உள்ளே அனுப்பி வைப்பவர், பதக்கம் தருபவர் இல்லை. பரிந்துரைப் படிவமும் கண்கண்ட சாட்சியமும் இல்லாமல் அவருடைய லெட்டர்ஹெட்டை மட்டும் நம்பிப் போனால், மரியாதையான மறுப்பு வரும்.

கடைசிக் கதவு, ராணுவ ஆவணத் திருத்த வாரியம். டிடி 149 என்ற படிவம். தவறு தெரிந்த மூன்று வருஷத்துக்குள் கேட்க வேண்டும் என்பது விதி, நியாயத்தை முன்னிட்டு அதைத் தளர்த்தவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. ஏன் இவ்வளவு தாமதம் என்பதை நீங்களே எழுத வேண்டும்; அந்தக் கட்டத்தைக் காலியாக விட வேண்டாம். நேராக இங்கே ஓடுவது இன்னொரு தவறு, மற்ற வழிகளை முடித்துவிட்டு வரச் சொல்லித் திருப்பிவிடுவார்கள். வாரியம் உங்களுக்காகத் துப்பறியாது. அன்றைய அதிகாரிகள் சரியாகத்தான் செய்தார்கள் என்ற அனுமானத்தில் தொடங்கும், இல்லை என்று காட்ட வேண்டியது விண்ணப்பதாரர். “என் கோப்பு எரிந்துவிட்டதே” என்பது அனுதாபத்தைத் தரும், ஆதாரம் ஆகாது. ஒருமுறை மறுத்தால் அதே தாள்களைத் திரும்ப அனுப்பாதீர்கள், புதிய ஆதாரத்தோடு மறுபரிசீலனை கேளுங்கள்.

வீரர் இறந்த பிறகு குடும்பம் கேட்பதானால், யார் வாரிசு என்பது படைக்குப் படை மாறும். பேரன் எல்லா இடத்திலும் அந்தப் பட்டியலில் வரமாட்டார். வெளியேறி 62 வருஷம் தாண்டிய கோப்பை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி நகல் எடுக்கலாம், ஆனால் அதை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் அரசிடம் பதக்கம் கேட்க முடியாது. பாட்டி உயிரோடு இருந்தால் கையெழுத்தை அவரிடமே வாங்கி அனுப்புங்கள்.