விபிஎன் போட்டதும் வைஃபை கோல் நின்ற கதை

எங்கள் வீடு மாங்குளத்திலிருந்து இன்னும் உள்ளே. தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் ஒரு கோடுதான். கோல் கதைக்கக் கிணற்றடிக்கு ஓட வேண்டும். ரவுட்டர் வந்தபிறகு, வீட்டு வைஃபை வழியாகவே கோல் போகும் வைஃபை கோலிங்கைப் போட்டேன், மழையில் நனையும் வேலை முடிந்தது.

போன மாதம் அது திடீரென்று நின்றது. வவுனியாவிலிருந்து அம்மா எடுத்தால் மணியே அடிக்காது. "ஃபோனை எங்கே வைச்சிருக்கிறாய் பிள்ளை?" என்று பேச்சு வேறு. ரவுட்டரை மூன்று தரம் அணைத்துப் போட்டேன், பயனில்லை. பிறகுதான் திரையின் மேலே அந்தச் சின்னச் சாவிக் குறி கண்ணில் பட்டது. 2019 ஏப்ரலில் இலங்கையில் சமூக ஊடகங்களை முடக்கியபோது பழகின விபிஎன், அதாவது நம் இணையத்தை வேறொரு சேர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் செயலி. புது ஃபோனிலும் போட்டிருந்தேன்.

வைஃபை கோலிங்குக்காக ஃபோன் தன் சிம் நிறுவனத்தின் வாசல்வரை இணையத்துக்குள்ளே தானே பூட்டிய குழாய் ஒன்று போடுகிறது. அதை விபிஎன் இன்னொரு குழாய்க்குள் திணித்து வெளிநாட்டு முகவரியோடு அனுப்பினால் வாசல் திறக்காமல் போகலாம். எல்லா ஃபோனிலும் இப்படி நடப்பதில்லை, என்னுடையதில் நடந்தது.

சிங்கப்பூர் சேர்வருக்கு மாற்றியும் சரிவரவில்லை. கடைசியில் விபிஎன் செயலியில் பிரவுசரை மட்டும் உள்ளே விட்டு, மற்றதெல்லாம் நேரே போகவிட்டேன். அண்ட்ராய்டு செட்டிங்கில் விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடுக்கும் தெரிவும் ஓனில் கிடந்தது (பாதிக் குற்றம் அதனுடையதுதான்), அதையும் நிறுத்தினேன். அப்புறம் ஒரு தரம் ஃபிளைட் மோட் போட்டு எடுக்க, வைஃபை கோல் குறி திரும்பி வந்தது.

உடனே அம்மாவுக்கு எடுத்தேன். "கிணற்றடியிலா நிற்கிறாய்? மழையெல்லோ!"