ஓகருக்கு உயிரைக் கூட்டாதீர்கள், முறையைக் கூட்டுங்கள்

பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் கைதேர்ந்த குழுவுக்கு ஆட்டம் நடத்துகிறீர்களா? எதிரி சப்பையாகத் தெரிந்தால் அதன் ஹிட் பாயிண்ட்டை, அதாவது உயிர்ப் புள்ளியை, கூட்டத்தான் முதலில் தோன்றும். 2014 விதிநூலில் 59 புள்ளி உள்ள ஓகர் என்ற அரக்கனை 118 ஆக்கினால் சண்டை இழுக்கும், அவ்வளவுதான்.

ஒரு சுற்றில் குழுவின் நான்கு பேர் நான்கு முறை அடிக்கும்போது ஓகர் ஒரு முறைதான் அடிக்கிறது. சிக்கல் அங்கேதான். சுற்றுக்கு இரண்டு முறை கொடுங்கள்: ஒன்று அதன் இனிஷியேட்டிவ் எண்ணில் (யார் முறை எப்போது என்று முடிவு செய்யும் எண்), இன்னொன்று அதற்கு 10 குறைவாக.

அப்புறம், ட்ரோல் என்ற அரக்கன். 2014 விதிநூல்படி அதன் ஒவ்வொரு முறையும் 10 புள்ளி தானாக ஆறிவிடும். தீயோ அமிலமோ பட்டால் அடுத்த முறை ஆறாது. பழைய ஆட்டக்காரர்களுக்கு இது மனப்பாடம், ட்ரோல் என்றதுமே தீப்பந்தத்தைத் தேடுவார்கள். தீக்குப் பதில் குளிரை வையுங்கள். ஆனால் துப்பு கொடுத்தே ஆக வேண்டும்: உடம்பில் பனி பட்ட இடத்தில் மட்டும் ஆறாத புண் இருப்பதாக வர்ணிக்கலாம். துப்பே இல்லாமல் மாற்றினால் அது அழுகுணி ஆட்டம்.

கோப்ளின் என்ற குட்டி அரக்கனை மட்டும் மாற்றவே வேண்டாம். 2014 விதிநூலில் 7 புள்ளிதான். ஆனால் அம்பு விட்டுவிட்டு, மறைவிடம் இருந்தால் அதே முறையில், கூடுதலாகக் கிடைக்கும் சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷனாக ஒளிந்துகொள்ளும். விதிநூலிலேயே இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை.