ஃபேமிலியோட ஃப்ளைட்ல போறப்ப டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கலாமா வேண்டாமா, எப்படி முடிவு பண்றது

டிக்கெட் புக் பண்றப்ப பணம் கட்டற பக்கத்துக்கு முன்னாடி ஒரு பெட்டி வந்து நிக்கும் பாருங்க, ஒரு ஆளுக்கு 249 ரூபா, கவலையில்லாம போயிட்டு வாங்கன்னு. அஞ்சு பேருன்னா 1,245 ரூபா. பக்கத்துல பத்து நிமிஷ டைமர் வேற ஓடிட்டு இருக்கும். அந்த இடத்துல முடிவு எடுக்காதீங்க. டிக்கெட்டை மட்டும் போட்டுட்டு வெளிய வாங்க, இன்சூரன்ஸை அப்புறமா கம்பெனி சைட்லயே தனியா வாங்கிக்கலாம், பெரும்பாலும் அதுல கவரும் நல்லா இருக்கும். டிக் முன்னாடியே போட்டு வச்சிருந்தா எடுத்து விட்டுடுங்க. நாம கேக்காததை பில்லுல சொருகறது தப்புன்னு 2023 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே விதி போட்டிருக்கு, இருந்தாலும் ஒரு தடவை கண்ணால பாத்துக்கறது நல்லது.

இப்ப விஷயத்துக்கு வருவோம். பொட்டி காணாம போறது, ஃப்ளைட் லேட்டாகறது, டிக்கெட் காசு போறது இதெல்லாம் எரிச்சல்தான், ஆனா குடும்பத்தை கவுத்துடாது. வெளிநாட்டுல ஆஸ்பத்திரில படுத்தா வர்ற பில்லுதான் கவுக்கும். அதனால பாலிசி எடுக்கறதா இருந்தா அந்த பில்லுக்காக எடுங்க, மத்ததெல்லாம் கூட வந்தா வரட்டும். இந்த ஒண்ணை மனசுல வச்சுக்கிட்டா பாதி குழப்பம் தீந்துடும்.

முதல்ல உள்ளூர் ஃப்ளைட். சென்னைல இருந்து டெல்லியோ கோவாவோ போறீங்க, வீட்ல எல்லாருக்கும் ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கு. அது பொதுவா இந்தியா முழுக்க செல்லும், டெல்லில அட்மிட் ஆனாலும் அதே கார்டுதான், நெட்வொர்க் ஆஸ்பத்திரியான்னு, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டதான்னு மட்டும் பாத்துக்கணும். அப்ப பெரிய செலவுக்கு ஏற்கனவே ஆள் இருக்கு. ஃப்ளைட் பிரச்சனைக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதான் டிஜிசிஏ, அவங்க விதி இருக்கு: 6 மணி நேரத்துக்கு மேல லேட்டாகும்னா ஒண்ணு வேற ஃப்ளைட் இல்ல முழு ரீஃபண்ட், 24 மணி நேரத்துக்கு மேலன்னா ஹோட்டல். ஒழுங்கா முன்கூட்டியே சொல்லாம கேன்சல் பண்ணா ரீஃபண்டோ மாத்து ஃப்ளைட்டோ தரணும், அதுக்கு மேல பயண நேரத்தை பொறுத்து 5,000ல இருந்து 10,000 ரூபா வரைக்கும் நஷ்ட ஈடு, ஆனா டிக்கெட்டோட அடிப்படை கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதைவிட கம்மியா இருந்தா அந்த கம்மிதான் கிடைக்கும். இதுக்கெல்லாம் நாம தனியா காசு கட்ட வேண்டியதில்ல. நாமளே கேன்சல் பண்ணாலும், ரீஃபண்டே கிடையாதுன்னு போட்ட ஆஃபர் டிக்கெட்லகூட ஏர்போர்ட் கட்டணம், வரி எல்லாம் திரும்ப வரணும், நிறைய பேர் இதை கேக்கறதே இல்ல.

இதுல ஒரு ஓட்டை இருக்கு. புயல், வெள்ளம் மாதிரி ஏர்லைன் கைல இல்லாத காரணம்னா அந்த நஷ்ட ஈடு கிடையாது. சென்னைக்காரங்களுக்கு இது சும்மா கற்பனை இல்ல, 2015 டிசம்பர் வெள்ளத்துல ஏர்போர்ட்டே நாள்கணக்குல மூடிக் கெடந்துச்சு, 2023 டிசம்பர்ல மிக்ஜாம், 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல், ரெண்டு தடவையும் மறுபடி மூடுனாங்க. டிக்கெட் காசு வந்துடும், ஆனா முன்பணம் கட்டுன ஹோட்டல், டூர் பேக்கேஜ், மறுநாள் எடுத்த புது டிக்கெட்டோட கூடுதல் விலை இதெல்லாம் நம்ம தலையிலதான் விழும். அதனால நவம்பர் டிசம்பர்ல போறீங்க, திரும்ப வராத பணம் பெருசா கட்டியிருக்கீங்கன்னா மட்டும் உள்ளூர் ட்ரிப்புக்கு யோசிக்கலாம். அப்பவும் புக் பண்ண கையோட எடுத்துடணும். வானிலை மையம் புயலுக்கு பேரு வச்ச பிறகு போய் வாங்கினா, அது ஏற்கனவே தெரிஞ்ச விஷயம்னு கிளெய்ம்ல கைய விரிச்சிடுவாங்க.

கேன்சலேஷன் கவர்னு சொன்னதும் எந்த காரணத்துக்கு நின்னாலும் காசு வரும்னு நினைச்சிடாதீங்க. பாலிசில போட்டிருக்கற காரணம் மட்டும்தான், நமக்கோ நெருங்கின சொந்தத்துக்கோ ஆஸ்பத்திரி அட்மிஷன், சாவு மாதிரி. ஆபீஸ்ல லீவு தரல, பொண்ணுக்கு எக்ஸாம் தேதி மாறிடுச்சு, மாமா வீட்டு கல்யாணம் தள்ளிப் போச்சு, இதெல்லாம் சாதாரண பாலிசில செல்லாது. நம்ம வீட்டுல ட்ரிப் நிக்கறதே பாதி இந்த மாதிரி காரணத்துலதான். அப்ப 1,245 ரூபா எதுக்கு? உள்ளூருக்கு என் வோட்டு பொதுவா வேண்டாம்தான்.

வெளிநாடுன்னா கதையே வேற. சிங்கப்பூர், மலேசியா, துபாய், எங்க போனாலும் நம்ம ஊரு ஹெல்த் பாலிசி பெரும்பாலும் கூட வராது. இங்க நான் யோசிக்கவே மாட்டேன், எடுத்துடுங்க. ஆசியாவுக்கு ஒரு வாரம்னா ஒரு ஆளுக்கு ஆகற பிரீமியம் ஏர்போர்ட்ல குடும்பமா உக்காந்து சாப்பிடற செலவுக்குள்ள அடங்கிடும். ஐரோப்பாவுல ஷெங்கன் விசாவுக்கு குறைஞ்சது 30,000 யூரோ மெடிக்கல் கவர் காட்டியே ஆகணும், கனடாவுக்கு சூப்பர் விசாவுல போற அப்பா அம்மாவுக்கு 1,00,000 கனடா டாலர். ஆசியாவுக்கு 50,000 அமெரிக்க டாலர் வச்சுக்கலாம். அமெரிக்கான்னா கஞ்சத்தனம் பாக்காதீங்க, அங்க ஆஸ்பத்திரி செலவு அப்படி, அமெரிக்கா கனடா சேர்ந்த பிளான் தனி விலைல இருக்கும், சேராத பிளானை விலை கம்மியா இருக்கேன்னு எடுத்துட்டு போயிடாதீங்க.

குடும்பத்துல யாருக்கு ரொம்ப கவனிக்கணும்னா, சந்தேகமே இல்லாம மாமியாருக்கு, இல்ல அம்மா அப்பாவுக்கு. சுகர், பிரஷருக்கு தினம் மாத்திரை போடறவங்கன்னு வைங்க. ஃபார்ம்ல ஏற்கனவே நோய் இருக்கான்னு ஒரு கேள்வி வரும், அதுல "இல்ல"ன்னு டிக் அடிச்சா பிரீமியம் கம்மியாகும்னு ஏஜென்ட்டே சொல்லுவாரு. அடிக்காதீங்க. அங்க நெஞ்சு வலின்னு சேத்தா டாக்டர் முதல்ல கேக்கறதே என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னுதான், அது கேஸ் ஷீட்ல ஏறும், அந்த ஷீட் அப்படியே இன்சூரன்ஸ்காரங்ககிட்ட போகும், கிளெய்ம் அங்கயே முடிஞ்சுது. உண்மைய சொன்னாலும் பல பாலிசில பழைய நோய்க்கு கவர் கிடையாது, உயிருக்கு ஆபத்தான அவசரம்னா மட்டும் ஒரு அளவு வரைக்கும் தருவாங்க. அந்த அளவு எவ்வளவுன்னு பாத்துதான் பெரியவங்களுக்கு பாலிசி தேர்ந்தெடுக்கணும். அறுபது தாண்டினவங்களுக்கு இன்னொரு கண்ணி, மேல 50,000 டாலர்னு போட்டிருக்கும், கீழ ரூம் வாடகைக்கு இவ்வளவு, ஆபரேஷனுக்கு இவ்வளவுன்னு சப்-லிமிட் போட்டு குறைச்சிருப்பாங்க. குடும்பத்துக்கே ஒரே பாலிசின்னு கட்டாயம் இல்ல, நமக்கும் பசங்களுக்கும் சாதா பிளான், பெரியவங்களுக்கு மட்டும் தனியா சப்-லிமிட் இல்லாத பிளான்னு எடுக்கலாம்.

கைக்குழந்தை இருந்தா எத்தனை மாசத்துல இருந்து சேப்பாங்கன்னு கேளுங்க, கம்பெனிக்கு கம்பெனி மாறும். கர்ப்பமா இருக்கறவங்களுக்கு பிரசவம் சம்பந்தமான செலவு பொதுவா கவர் ஆகாது.

அடுத்து டிடக்டபிள், அதாவது ஒவ்வொரு கிளெய்ம்லயும் முதல்ல நாம கட்ட வேண்டிய தொகை. பையனுக்கு காய்ச்சல்னு கிளினிக் போறீங்க, பில்லு 90 டாலர், பாலிசில டிடக்டபிள் 100 டாலர், கைக்கு ஒரு பைசா வராது. நஷ்டம்னு வருத்தப்பட ஒண்ணும் இல்ல, சின்ன பில்லு நம்ம பொறுப்பு, பெரிய பில்லு அவங்க பொறுப்புன்னு போட்ட ஒப்பந்தம்தான் அது. டிடக்டபிளே இல்லாம வேணும்னா பிரீமியம் ஏறும். காய்ச்சலுக்கும் சளிக்கும் இங்கயே குழந்தை டாக்டர்கிட்ட மருந்து எழுதி வாங்கி எடுத்துட்டு போறது அதைவிட மலிவு.

கிரெடிட் கார்டுலயே இன்சூரன்ஸ் இருக்கேன்னு சிலர் சொல்லுவாங்க. பெரும்பாலும் அது விமான விபத்துக்கும் பொட்டி தொலையறதுக்கும்தான், டிக்கெட்டை அதே கார்டுல எடுத்திருக்கணும்னு வேற இருக்கும். மெடிக்கல் இருக்கான்னு பேங்க்குக்கு மெயில் போட்டு எழுத்துல வாங்குங்க, போன்ல சொன்னது கணக்குல வராது.

பொட்டிக்காக மட்டும் பாலிசி எடுக்க வேண்டாம். சர்வதேச ஃப்ளைட்ல தொலைஞ்சா மாண்ட்ரியல் ஒப்பந்தம்னு சர்வதேச விமானப் பயணத்துக்கு நாடுகள் போட்ட ஒப்பந்தப்படி ஏர்லைனே பொறுப்பு. பெல்ட்ல பொட்டி வரலன்னா அரைவல் ஹாலை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடி ஏர்லைன் கவுன்டர்ல பிஐஆர்னு ஒரு ரிப்போர்ட் போட்டு நம்பர் வாங்கிடணும், அது இல்லாம ஏர்லைனும் சரி இன்சூரன்ஸும் சரி பேச்சே எடுக்க மாட்டாங்க. உடைஞ்சிருந்தா 7 நாளுக்குள்ள, லேட்டா வந்திருந்தா கைக்கு வந்த 21 நாளுக்குள்ள ஏர்லைனுக்கு எழுத்துல புகார். பாலிசில பொட்டி லேட்டுக்கு காசு உண்டுன்னு இருந்தாலும் ஊருக்கு திரும்பி வர்ற ஃப்ளைட்டுக்கு பொதுவா அது செல்லாது, வீட்ல மாத்து துணி இருக்குல்ல, அதான்.

வாங்கறதுக்கு முன்னாடி கலர் கலரா இருக்கற விளம்பர அட்டவணைய பாக்காதீங்க, பாலிசி வேர்டிங் பிடிஎஃப்ப டவுன்லோட் பண்ணி எக்ஸ்க்ளூஷன்ங்கற பகுதிய, அதாவது எதுக்கெல்லாம் காசு தர மாட்டாங்கன்னு போட்டிருக்கறதை மட்டுமாவது உக்காந்து படிங்க, அரை மணி நேரம் ஆகும். தேதி போடறப்ப கெளம்பற நாள்ல இருந்து திரும்பி வீடு சேர்ற நாள் வரைக்கும் போடுங்க, நடுராத்திரி தாண்டி இறங்கற ஃப்ளைட்னா ஒரு நாள் கூட. பேரு பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே இருக்கணும், இனிஷியல் விஷயத்துல நம்மாளுங்களுக்கு எப்பவும் தகராறுதான்.

போன பிறகு அட்மிட் பண்ற நிலமை வந்தா, முடிஞ்சா அட்மிஷனுக்கு முன்னாடி, இல்லன்னா ஆன உடனே பாலிசில இருக்கற 24 மணி நேர நம்பருக்கு கூப்பிட்டு சொல்லணும், அப்பதான் கேஷ்லெஸ்ஸுக்கு, அதாவது கம்பெனியே நேரா ஆஸ்பத்திரிக்கு பில்லு கட்டறதுக்கு வழி. பில்லு, டிஸ்சார்ஜ் சம்மரி, போர்டிங் பாஸ், ஏர்லைன் அனுப்பின கேன்சல் மெயில் எதையும் தூக்கிப் போடாதீங்க. கிளெய்ம் மறுத்துட்டாங்கன்னா முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்பு பிரிவுக்கு எழுதுங்க, ஒரு மாசம் ஆகியும் சரியான பதில் இல்லன்னா இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், காசு கிடையாது, வக்கீலும் வேண்டாம், சென்னைலயே ஆபீஸ் இருக்கு. பாலிசி பிரிண்ட் ஒண்ணு பெரியவங்க கைப்பையில, ஒண்ணு ஊர்ல இருக்கற தம்பியோ அக்காவோ கிட்ட, மாத்திரை சீட்டோட ஜெராக்ஸும் சேத்து.